கேட்டமரானின் உச்ச வேகம்: வடசென்னைக் கடலில் அளப்பதும் கூட்டுவதும்

கரையேறியதும் போனைத் திறந்து "21.4 நாட் அடிச்சுது" என்று காட்டுவது எல்லாக் கடற்கரையிலும் உண்டு. நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். அடுத்த நாள் சுக்கானை மாற்றிவிட்டு ஓடினால் 18 தான் வரும். உடனே பழி சுக்கான் மேல் விழும். முதல் நாள் எண் நிஜமாகவே 21.4 தானா என்று யாரும் கேட்பதில்லை. சின்னப் பாய்ப்படகில் வேகம் கூட்டும் வேலையில் பாதி, அந்த எண்ணைச் சரியாக எடுப்பதுதான். இதில் பிசகினால் நல்ல மாற்றத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கெட்ட மாற்றத்தைக் கொண்டாடிக்கொண்டிருப்போம்.

ஒரு சொல் விளக்கம். கட்டுமரம் என்ற நம் சொல்தான் உலகம் சுற்றி கேட்டமரான் ஆனது. ஆனால் காசிமேட்டுக்காரர் அறிந்த கட்டுமரம், மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை. இங்கே பேசுவது இரண்டு ஹல் (படகின் உடல்), நடுவே டிரம்போலின் (ஆட்கள் உட்காரும் வலைத்தளம்), ஒற்றைப் பாய்மரம் உள்ள 5 முதல் 6 மீட்டர் படகு: ஹோபி 16, எஃப் 18, ஏ கிளாஸ் வகை. ஹோபி 16-இன் எடை 145 கிலோ, நீளம் சுமார் 5 மீட்டர், அகலம் 2.41 மீட்டர். கீழே வரும் அளவுகளுக்கு இதையே மாதிரியாக வைத்துக்கொள்ளலாம்.

போனும் கைக்கடிகாரமும் வேகத்தை இரண்டு வழிகளில் கணக்கிடும். ஒன்று, இந்த விநாடி எங்கே, அடுத்த விநாடி எங்கே என்று இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை வைத்து. இன்னொன்று, செயற்கைக்கோள் அலையின் டாப்ளர் மாற்றத்தை (நகர்வால் அலைவெண் மாறுவதை) வைத்து நேரடியாக. முதல் வழியில் இடக்கணிப்பு ஒரே ஒரு மீட்டர் தாவினாலும் அந்த விநாடியின் வேகத்தில் கிட்டத்தட்ட 2 நாட் பொய்யாக ஏறும். "உச்ச வேகம்" என்று திரையில் நிற்பது பெரும்பாலும் இந்தத் தாவல்தான். டாப்ளர் வேகம் இதைவிடப் பல மடங்கு நம்பகமானது. அதனால் பதிவு செய்யும் ஆப், சிப் தரும் வேகத்தையும் சேர்த்து எழுதுகிறதா என்று முதலில் பாருங்கள். ஓடிய பாதையைச் சேமிக்கும் சில ஜிபிஎக்ஸ் கோப்புகளில் இடமும் நேரமும் மட்டும்தான் இருக்கும். அதிலிருந்து எடுக்கும் உச்ச எண்ணுக்கு மதிப்பில்லை.

கருவி எங்கே இருக்கிறது என்பதும் கணக்கு. மணிக்கட்டில் கட்டினால் கை வீசும் வேகமும் சேரும். லைஃப் ஜாக்கெட்டுக்குள் வைத்தால் ஈர உடம்பு பாதி வானத்தை மறைக்கும். பாய்மரத்தில் கட்டினால் மரம் ஆடும் ஆட்டம் சேரும். பின் கிராஸ்பீமின் (இரண்டு ஹல்லையும் பின்னால் இணைக்கும் குறுக்குத் தண்டின்) நடுவில், தண்ணீர் புகாத பையில், திரை வானத்தைப் பார்க்க, இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டுங்கள். ஓட்டத்துக்கு முன் ஐந்து நிமிடம் அசையாமல் வைத்தால் செயற்கைக்கோள்களை நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

பார்க்க வேண்டிய எண் 10 விநாடிச் சராசரி. 16 நாட்டில் 10 விநாடி என்றால் சுமார் 82 மீட்டர் ஓட்டம். ஒரு அலை தள்ளியதும் காற்று ஒரு வீச்சு அடித்ததும் அதற்குள் ஓரளவு அடங்கிவிடும். அன்றைய ஓட்டத்தில் சிறந்த ஐந்து 10 விநாடித் துண்டுகளை எடுத்து, அவற்றின் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் வைத்து ஓடும் விண்ட்சர்ஃப் ஆட்கள் வெகுகாலமாக இப்படித்தான் ஒப்பிடுகிறார்கள். இன்னும் கறாராக வேண்டுமென்றால் 500 மீட்டர். உலகச் சாதனை அளவே அதுதான்: 2012 நவம்பரில் நமீபியாவின் வால்விஸ் விரிகுடாவில் பால் லார்சன் 65.45 நாட் எட்டியது 500 மீட்டர் சராசரியில். கணக்கும் சுலபம். 972-ஐ ஓடிய விநாடிகளால் வகுத்தால் நாட் வந்துவிடும். 60 விநாடி என்றால் 16.2, 54 விநாடி என்றால் 18.

இதற்குப் பிறகும் ஒரு ஓட்டை மிச்சம். ஜிபிஎஸ் சொல்வது தரைக்கு மேல் வேகம். நம் கடலில் வெள்ளம், அதாவது நீரோட்டம், சும்மா இருப்பதில்லை. பிப்ரவரியிலிருந்து மே வரை பொதுவாக வடக்கு நோக்கி ஓடும், அதிலும் மார்ச், ஏப்ரலில் பலமாக. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கு நோக்கித் திரும்பும். திருவொற்றியூருக்கு எதிரே வடக்கு நோக்கி ஓடிய ஓட்டம் மட்டும் வேகமாக இருந்தால், அதில் ஒரு பங்கு வெள்ளத்தின் பரிசு. போகும் ஓட்டமும் வரும் ஓட்டமும் சேர்த்துச் சராசரி எடுப்பதுதான் வழி. 17.2-ம் 15.6-ம் வந்தால் படகின் வேகம் 16.4, வெள்ளம் 0.8.

போக வர இரண்டும் காற்றுக்கு ஒரே கோணத்தில் இருந்தால்தான் இந்தச் சராசரி செல்லும். அங்கேதான் வடசென்னைக் கரையின் கிடப்பு கை கொடுக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலையில் மேற்கிலிருந்து, மீனவர் கச்சான் என்று சொல்லும் காற்று, தரையிலிருந்து கடலுக்கு வீசும். கரையோரத்தில் அலை எழ இடமில்லாததால் தண்ணீர் தட்டையாக இருக்கும். நேர்மேற்குக் காற்றுக்கு 110 டிகிரி கோணம் (காற்று வரும் திசையிலிருந்து) வேண்டுமென்றால் ஒரு ஓட்டம் திசைகாட்டியில் 20, திரும்பும் ஓட்டம் 160. இரண்டிலும் வடக்கு தெற்கு வெள்ளம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஒன்றை மறக்கக் கூடாது. ஒவ்வொரு 500 மீட்டருக்கும் படகு சுமார் 170 மீட்டர் கடல் பக்கம் நகர்ந்திருக்கும். ஒரு ஜோடி ஓட்டம் முடிந்ததும் காற்றை எதிர்த்து ஏறி, பழைய இடத்துக்கு வந்துவிட்டுத்தான் அடுத்த ஜோடி. இதை விட்டால் நான்கு ஜோடிக்குள் கரை சுமார் 1.4 கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். காற்றோ வெளியே தள்ளும் காற்று.

பிற்பகல் கடல்காற்று வேறு கதை. மார்ச், ஏப்ரலில் முற்பகலிலேயே நுழையும். ஜூனில் மேற்குக் காற்று எதிர்த்து நிற்பதால் மதியம் தாண்டியும் இழுக்கும். நடுவே அரை மணி, ஒரு மணி நேரம் காற்றே செத்துக் கிடப்பதும் உண்டு. தென்கிழக்குக் காற்றில் 110 டிகிரி என்றால் ஒரு ஓட்டம் 25, கரையை ஒட்டி எண்ணூர்ப் பக்கம், அருமையான ஓட்டம். மற்றது 245, நேராகக் கற்களை நோக்கி. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளும் தூண்டில் வளைவுகளும்தான் கரை. காற்று கரைக்குத் தள்ளும் நேரத்தில் அங்கே ஓட்டம் வைக்காதீர்கள். கடல்காற்றில் வடக்கு ஓட்டம் மட்டும் ஓடி, வெள்ளத்தைத் தனியாக அளந்து கழிக்க வேண்டியதுதான். ஐந்து லிட்டர் கேனில் வாய் மட்டும் வெளியே தெரியும் அளவு தண்ணீர் நிரப்பி, மிதக்கவிட்டு, ஐந்து நிமிடத்தில் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். 154 மீட்டர் போனால் வெள்ளம் 1 நாட், 77 போனால் அரை நாட். காலிக் கேனை விட்டால் காற்று இழுத்துக்கொண்டு போகும், அது வெள்ளக் கணக்காகாது. அளந்தபின் கேனைத் திரும்ப எடுத்துவிடுங்கள்.

இடம் பற்றி: பாறை முனைகளிலிருந்து 300 மீட்டராவது விலகி இருக்க வேண்டும். சென்னைத் துறைமுகம், காசிமேடு மீன்பிடித் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி இவற்றின் வாய்ப் பக்கமே போக வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு நடமாட்டம் இருக்காது. ஃபைபர் படகுகளும் அவற்றின் வலைகளும் அப்போதும் இருக்கும். மிதவை வரிசையைக் கண்டால் அதன் கடல்புற முனையைச் சுற்றித்தான் போக வேண்டும். வலை அறுந்தால் ஒரு குடும்பத்தின் அன்றைய வரும்படி போச்சு. எங்கே வலை கிடக்கிறது என்று காலையில் கரையில் இருக்கும் அண்ணன்மாரிடம் கேட்டுவிட்டு இறங்குவது மரியாதையும்கூட, பாதுகாப்பும்கூட. கடலோரக் காவல் (போலீஸ்) 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554: இரண்டையும் கூட வரும் எல்லோர் போனிலும் ஏற்றி வையுங்கள்.

இனி படகு.

புதுப் பாய் வாங்கும் முன் ஹல்லுக்குள் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். 145 கிலோ படகில் பத்து லிட்டர் என்பது எடையில் ஏழு சதவீதம். எடையைவிட மோசம், அது ஓடும். அணியம் (படகின் முன்முனை) கொஞ்சம் தாழ்ந்ததும் பத்து லிட்டரும் முன்னால் பாய்ந்து அணியத்தை இன்னும் அழுத்தும். கரையேறியவுடன் பின்பக்கத் திருகுமூடியைத் திறந்து, வரும் தண்ணீரை மக்கில் பிடித்து அளங்கள். இரண்டு மணி நேர ஓட்டத்துக்கு ஒரு லிட்டருக்குள் என்றால் விட்டுவிடலாம். அதற்கு மேல் வந்தால் ஓட்டையைத் தேட வேண்டும்.

தேடும் விதம் இது. ஹல்லில் காற்றுத் துளை இருந்தால் டேப்பால் அடையுங்கள். திருகுமூடித் துளையில் ரப்பர் குழாயைப் பொருத்தி, துணி சுற்றி இறுக்கி, வாயால் ஊதுங்கள். பஞ்சர் கடை கம்ப்ரஸர் வேண்டவே வேண்டாம், ஹல்லின் ஒட்டுக்கோடே பிளந்துவிடும். இன்னொருவர் சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷில் தொட்டு மேல்தட்டும் ஹல்லும் சேரும் கோடு, பீம் உட்காரும் இடம், சுக்கான் பிடிப்பின் போல்ட் துளைகள், திருகுமூடியின் ரப்பர் வளையம் என்று தடவிக்கொண்டே வர வேண்டும். குமிழ் வரும் இடத்தில் பென்சில் குறி. பிறகு நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி இரண்டு நாள் காயவைத்துத்தான் ரெசின். ஈரத்தின்மேல் போட்ட ஃபைபர் ஒட்டாது. பார்க்க ஒட்டியது போலிருந்து பத்தாவது நாள் தோலாக உரியும். பாலியெஸ்டர் ரெசின் என்றால் நம் வெயிலுக்கு 100 கிராமுக்கு 1 கிராம் ஹார்டனர் போதும். 2 போட்டால் பிரஷ் எடுப்பதற்குள் கட்டியாகிவிடும். இந்த வேலையைப் படகுக்கு ஃபைபர் போடும் காசிமேட்டு ஆட்களிடம் கொடுத்தால் சுத்தமாகச் செய்து தருவார்கள்.

சோப்புச் சோதனையில் ஒரு குமிழும் வராத ஹல்லிலும் தண்ணீர் ஏறும். காரணம் வெயில். மணலில் கிடந்த ஹல்லுக்குள் காற்று நன்றாகச் சூடேறி இருக்கும். மூடியை இறுக்கிவிட்டுக் கடலில் தள்ளினால் உள்ளே காற்று சுருங்கும், சுருங்கும்போது மயிரிழை விரிசல் வழியாகக்கூடத் தண்ணீரை உறிஞ்சும். நான்கைந்து வாளி கடல் தண்ணீரை ஹல்மேல் ஊற்றி ஆறவிட்டு, கடைசியாக மூடியை இறுக்குங்கள். செலவில்லாத வேலை.

அடுத்தது சுக்கான்கள். இரண்டு அலகும் (சுக்கானில் தண்ணீருக்குள் இறங்கும் தகடுகள்) ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் ஒன்று இடது இழுக்கும், மற்றது வலது இழுக்கும். நடுவில் படகுக்கு நிரந்தர பிரேக். கைப்பிடியைப் பிடித்திருப்பவருக்கு அது தெரியாது, இரண்டு இழுப்பும் சமனாகிவிடும் என்பதால். படகைக் கட்டைமேல் ஏற்றி, அலகுகளை முழுவதும் இறக்கிப் பூட்டி, இணைப்புக் கம்பியை மாட்டி, கைப்பிடியை நடுவில் வையுங்கள். அலகின் பாதி உயரத்தில் முன்விளிம்புக்கும் முன்விளிம்புக்கும் உள்ள தூரம், அதே உயரத்தில் பின்விளிம்புகளுக்கு நடுவே உள்ள தூரம், இரண்டையும் டேப்பில் எடுங்கள். முன்னளவு பின்னளவைவிட 2, 3 மில்லிமீட்டர் குறைவாக இருந்தால் சரி. 25 சென்டிமீட்டர் அகல அலகில் இந்த வித்தியாசம் 10 மில்லிமீட்டர் ஆனாலே இரண்டுக்கும் நடுவே 2 டிகிரிக்கு மேல் கோணல். இணைப்புக் கம்பியின் நுனித் திருகில் சரிசெய்யலாம்.

பிறகு பின்விளிம்பைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். 5 மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் ஊசியும் புஷ்ஷும் தேய்ந்திருக்கிறது. போல்ட், ஊசி எல்லாம் 316 ஸ்டீலாகவே வாங்குங்கள். 304 பாரிமுனையில் மலிவாகக் கிடைக்கும், நம் உப்பில் சீக்கிரமே துருக்கறை விடும். ஓட்டத்தில் திடீரென்று கைப்பிடி கனத்தால் பாயைத் திட்ட வேண்டாம். அலகு பூட்டிலிருந்து ஒரு விரல் மேலே எழுந்திருக்கும். மாறாக, கைப்பிடி திடீரென்று இலகுவானால் அலகு காற்றை உறிஞ்சிவிட்டது என்று பொருள். முன்விளிம்பில் நகம் மாட்டும் வெட்டு இருந்தால் அடிக்கடி இப்படி ஆகும். எபாக்ஸி அடைத்து 400, பிறகு 800 எண் உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் போதும். நம் கரைக்கே உரிய தொந்தரவு பிளாஸ்டிக் பை. ஒரு சுக்கானுக்குப் பின்னால் மட்டும் வெள்ளையாகத் தண்ணீர் பொங்கினால் பையோ வலைத் துண்டோ மாட்டியிருக்கிறது. ஓட்டம் தொடங்கும் முன் ஒவ்வொரு தடவையும் அலகை ஒரு நொடி தூக்கி இறக்குங்கள்.

பாய்மரம், பாய் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது, அதனால் சுருக்கமாக. பீம் போல்ட்கள் இறுக்கம், இரண்டு மூலைவிட்ட அளவும் சமம், பேட்டன்கள் (பாயை விறைப்பாக்கும் பட்டைகள்) பாயில் குறுக்குச் சுருக்கம் போகும் அளவுக்கு மட்டும் இறுக்கம். காற்று 14, 15 நாட்டைத் தாண்டினால் டவுன்ஹாலை, அதாவது பாயின் முன்விளிம்பைக் கீழே இழுக்கும் கயிற்றை, தயங்காமல் இழுங்கள். பாயின் மேல்பகுதி தளர்ந்து திறந்து, படகைக் கவிழ்க்கும் விசை குறையும்.

கைப்பழக்கத்தில் பெரும்பாலோர் தவறும் இடம் ஒன்று. காற்று பக்கவாட்டில் வருகிறதே என்று பாயை வெளியே விட்டுவிடுகிறார்கள். காற்று 15 நாட், கோணம் 120, படகு 18 நாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். படகின் ஓட்டத்தால் எழும் எதிர்காற்றும் சேர்ந்து, பாய்க்குத் தெரியும் காற்று முன்னாலிருந்து 51 டிகிரியில் கிட்டத்தட்ட 17 நாட்டாக வரும். 90 டிகிரிக் கோணத்தில் ஓடினால் அதுவே 40 டிகிரி, 23 நாட். ஆக, வேகம் பிடித்த பிறகு பாய் கிட்டத்தட்ட காற்றை எதிர்த்து ஏறும்போது இருக்கும் நிலைக்கு உள்ளே வர வேண்டும். 90 டிகிரியில் தொடங்கி வேகம் எடுங்கள். வீச்சு வந்து காற்றுப்பக்க ஹல் எழத் தொடங்கியதும் மெயின் ஷீட்டை (பெரிய பாயின் கயிற்றை) தளர்த்தாமல் சுக்கானால் 110, 115-க்கு இறங்குங்கள். வேகம் ஏற ஏறப் பாயை உள்ளே இழுங்கள். ஜிப்பில் (முன்பாயில்) ஒட்டிய கம்பளி நூல் இரண்டு பக்கமும் படிந்து ஓட வேண்டும். வெளிப்பக்க நூல் துள்ளினால் பாய் அதிகம் உள்ளே இருக்கிறது, உள்பக்க நூல் துள்ளினால் இன்னும் இழுக்கலாம். காற்றுப்பக்க ஹல் தண்ணீரை முத்தமிட்டுக்கொண்டே போகும் நிலைதான் வேகமானது. ஒரு மீட்டர் உயரத்தில் பறப்பது படத்துக்கு அழகு, ஓட்டத்துக்கு இழப்பு.

எடையை வைக்கும் இடம் காற்றோடு மாறும். 8 நாட் காற்றில் பின்னால் உட்கார்ந்தால் பின்தலை தண்ணீரை இழுத்துக்கொண்டு வரும், பின்னால் கொந்தளிப்பு கேட்கும். அந்தச் சத்தம் அடங்கும் வரை முன்னால் நகருங்கள். 15 நாட்டில் நேர்மாறு: டிரபீஸில், அதாவது பாய்மரத்திலிருந்து வரும் கம்பியில் தொங்கி ஹல்லின் ஓரத்தில், நிற்பவரின் பின்கால் பின் பீமுக்குப் பின்னால் போய்விட வேண்டும். காற்று மறைவுப் பக்க அணியத்தின் மேல்தட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி தெரிந்தால் நிம்மதி. நான்கு விரலுக்குக் குறைந்தால் முதலில் ஜிப்பை விடுங்கள், கூடவே எடையைப் பின்னால் தள்ளுங்கள், அதன்பின் மெயின். பயந்துபோய்ச் சுக்கானால் படகைக் காற்றுப்பக்கம் வெடுக்கென்று திருப்பினால் அணியம் குத்தி, படகு தலைகுப்புறப் போகும். டிரபீஸில் இருப்பவர் பறந்து ஃபோர்ஸ்டேயில் (பாய்மரத்தை முன்னால் பிடிக்கும் கம்பியில்) மோதுவது அப்படித்தான். கவிழ்ந்த விநாடியில் கருவி காட்டும் எண்ணையும் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். பல "சாதனை"கள் அந்த ஒரு விநாடிக்குச் சொந்தம்.

மாற்றம் செய்தால் ஒரு நாளில் ஒன்றே ஒன்று. மூன்று ஜோடி ஓட்டம் பழைய அமைப்பில், மூன்று ஜோடி புதிய அமைப்பில், மறுபடி ஒரு ஜோடி பழையதில். கடைசி ஜோடி முதல் மூன்றோடு ஒத்துப்போகாவிட்டால் நடுவில் காற்று மாறியிருக்கிறது, அன்றைய ஒப்பீடு செல்லாது. அரை நாட்டுக்குள் வரும் வித்தியாசத்தை ஒரே நாள் ஓட்டத்தில் நம்ப வேண்டாம். இரண்டு படகு இருந்தால் காரியம் எளிது. இரண்டும் ஐம்பது மீட்டர் இடைவெளியில் பக்கம் பக்கமாக ஓட, ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வெள்ளம், காற்று எல்லாம் இருவருக்கும் பொது. நோட்டில் எழுத வேண்டியது: தேதி, நேரம், காற்றின் திசையும் வேகமும், அலை, இருவர் எடை, ஹல்லிலிருந்து வந்த தண்ணீர், டவுன்ஹால் குறி, டிராவலர் (பாய்க் கயிறு பக்கவாட்டில் நகரும் சறுக்கி) எத்தனை சென்டிமீட்டர், போன ஓட்டம், வந்த ஓட்டம். ஈரக் கையால் எழுத பென்சில்தான் சரி. பேனா மை முதல் சாரலிலேயே கரைந்துவிடும்.